திட்டத்தில் மூன்று நாளைக் காலியாக விடு

சிதம்பரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் ஒரு தாளைக் கொடுத்தால் அது திருத்தாமல் திரும்பி வராது என்று தெரிந்துதானே அனுப்பினாய்?

அதற்குள் கடலூரிலிருந்து உன் அப்பா போன் செய்துவிட்டார். "எரிமலை பாக்கப் போறாளாம் அக்கா, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார். சொல்கிறேன் என்றேன். ஆனால் அவர் நினைத்ததை நான் சொல்லப் போவதில்லை. நீ போய்விட்டு வா. இந்தியாவில் இன்று உயிரோடு புகைகிற எரிமலை ஒன்றே ஒன்றுதான். அது நம் கரைக்கு எதிர்க்கரையில், அந்தமானின் பேரன் தீவில் இருக்கிறது. அதைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமில்லை.

திட்டம்தான் சரியில்லை. முதல் நாள் விமானம், செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் பாரடாங் சேற்று எரிமலை. மூன்றாம் நாள் பேரன் தீவில் இறங்கி ஏறுவது. நான்காம் நாள் ஹேவ்லாக். ஐந்தாம் நாள் சேடில் பீக் மலையேற்றம். ஆறாம் நாள் காலையில் ஸ்கூபா, மதியம் சென்னை விமானம். அதுவும் டிசம்பர் கடைசி வாரத்தில். இதில் ஒரு நாள் சட்டப்படி நடக்காது. ஒரு நாள் தூரக் கணக்குப்படி நடக்காது. கடைசி நாள் நடந்தால் உன் உடம்புக்கே ஆபத்து. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அட்லஸை எடு. கடலூர் மேல் ஸ்கேலை வைத்து நேர்கிழக்காக ஒரு கோடு இழு. கடலூர் 11.75 பாகை வடக்கு, போர்ட் பிளேர் 11.67. ஏறக்குறைய ஒரே கோடு. சில்வர் பீச்சில் நின்று கிழக்கே பார்த்தால் சுமார் 1,400 கிலோமீட்டருக்கு வெறும் தண்ணீர், அதற்கப்புறம் போர்ட் பிளேர். சிதம்பரத்திலிருந்து கோடு இழுத்தால் அதற்குச் சற்றுத் தெற்கே ரட்லண்ட் தீவில் முட்டும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவது இதே தீவு வரிசையின் தெற்குப் பகுதியான நிக்கோபார்தான். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஹேவ்லாக்குக்கு 2018 இறுதியிலேயே ஸ்வராஜ் தீவு என்று ஆகிவிட்டது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்பாதே.

ஒரே கோட்டில் இருந்தாலும் பொழுது ஒன்றில்லை. போர்ட் பிளேர் நமக்கு 13 பாகை கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது. அதனால் நம் ஊருக்கு 50 நிமிடம் முன்னாலேயே அங்கே விடிந்து, 50 நிமிடம் முன்னாலேயே இருட்டிவிடும். குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கெல்லாம் காட்டுப் பாதை தெரியாது. காலை பத்து மணிக்கு மலையேறத் தொடங்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதில் நான் போட்ட முதல் சுழி இதுதான்.

பேரன் தீவில் ஏன் நெருப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போ. நாம் உட்கார்ந்திருக்கிற இந்தியத் தட்டு, அந்தமானுக்கு மேற்கே கடலடியில் பர்மா தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது, ஒரு பாய்க்கு அடியில் இன்னொரு பாயைச் செருகுகிற மாதிரி. இதனால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. தட்டுகள் உரசுகிற இடம் சில நூற்றாண்டுகள் சிக்கிக்கொண்டு நின்று, ஒரு நாள் சட்டென்று விடுபட்டால் அது பெரிய நிலநடுக்கம். உள்ளே போன தட்டு கடல் நீரையும் தன் பாறைக்குள் ஏந்திக்கொண்டு போகிறது. சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்தால் பாறையின் உருகுநிலை குறையும். உருகிய குழம்பு மேலே ஏறும். அது கடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த இடம்தான் பேரன் தீவு.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு நடந்தது முதல் வகை. சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய முறிவு வடக்கு நோக்கி அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து அலை நம் கரைக்கு வந்தது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், சாமியார்பேட்டை என்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நீ அப்போது அம்மா இடுப்பில் இருந்த பிள்ளை. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் கரையில் பாலூற்றிப் பூப்போடுவதைத்தான் நீ பார்த்து வளர்ந்திருக்கிறாய். அந்த அலையும், நீ பார்க்கத் துடிக்கிற அந்த நெருப்பும் ஒரே அசைவின் இரண்டு விளைவுகள். ஆகவே நீ போவது யாரோ ஒருவருடைய தீவின் வேடிக்கைக்கு இல்லை. உன் ஊரின் கதையில் மீதிப் பாதி அங்கே கிடக்கிறது.

அதைக் கண்ணால் பார்க்க எரிமலை வரைகூடப் போக வேண்டாம். போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகிற வழியில் சிப்பிகாட் என்று ஓர் இடம். 2004இல் தெற்கு அந்தமான் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கியது. அங்கே நெல் வயலாக இருந்த இடத்தில் கடல் ஏறி நின்றது. அலை வந்து திரும்பிப் போன வெள்ளம் இல்லை அது. தரையே தாழ்ந்துவிட்டதால் தண்ணீர் திரும்பவே இல்லை. நான் போனபோது வற்றம் நேரம். வரப்புகள் தண்ணீருக்கடியில் கோடு கோடாகத் தெரிந்தன. பட்டுப்போன மரங்கள் அப்படியே நின்றன. ஒரு காலத்தில் யாரோ மடை திறந்துவிட்ட இடத்தில் கண்டல் செடி முளைத்திருந்தது. வடக்கு அந்தமானில் இதற்கு நேர்மாறு. அங்கே தரை உயர்ந்து, பவளப்பாறைகள் வெளியே வந்து வெயிலில் வெளுத்துச் செத்தன. தெற்குக் கோடியில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. உன் முதல் நாளில் சிறைக்குப் பிறகு சிப்பிகாட்டை எழுது. ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசைத் தவிர வேறு செலவில்லை.

இப்போது பேரன் தீவு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். குறுக்களவு மூன்று கிலோமீட்டர்தான். உச்சி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர், ஆனால் அடிவாரம் கடலுக்குள் இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே. நாம் பார்ப்பது மலையின் நுனி மட்டும். 1787இல் அது கக்கியது பதிவாகியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அடங்கியது, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கியது, 1991இல் விழித்தது. 1994-95இலும், சுனாமிக்கு ஐந்து மாதம் கழித்து 2005 மேயிலும் வெடித்தது. 2017 ஜனவரியில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வுக் கப்பல் பக்கத்தில் நின்று கடலடி மண் எடுத்துக்கொண்டிருந்தபோதே சாம்பலை உமிழ்ந்தது. 2025 செப்டம்பரிலும் கக்கியிருக்கிறது.

அதில் இறங்கி ஏறுவதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிட்டேன். சுற்றுலாப் பயணிகள் தரையிறங்க அனுமதி கிடையாது. அது வனவிலங்குச் சரணாலயம், மனிதர் குடியிருப்பே இல்லாத தீவு. கப்பலில் இருந்தபடி பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். "காசு கொடுத்தா இறக்கிவிடுவாங்க" என்று யாராவது சொன்னால் அவர் படகில் ஏறாதே. விதி எதற்காக என்று சந்தேகம் இருந்தால் இரண்டு நாட்களை நினைத்துக்கொள். 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வெள்ளைத் தீவு எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். டிக்கெட் வாங்கி வழிகாட்டியோடு போனவர்களும், அந்த வழிகாட்டிகளும்தான் அவர்கள். 2023 டிசம்பர் 3 அன்று சுமத்ராவின் மராபி வெடித்தபோது மலையில் 75 பேர் இருந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. எரிமலை வாய்க்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்று அங்கே ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். இரண்டு மலையுமே அன்று காலை பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் இருந்தன.

கப்பலிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்கிறாயா? நிறையத் தெரியும், எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்திருந்தால். தூரத்தில் சாதாரணப் பச்சைத் தீவு மாதிரிதான் வரும். அது பழைய எரிமலையின் வெளிச்சுவர். எப்போதோ உச்சி உள்ளே இடிந்து விழுந்து, சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளமானது. கப்பல் மேற்குப் பக்கம் வரும்போதுதான் அந்தச் சுவரில் ஒரு உடைப்பு தெரியும். உடைப்புக்குள்ளே கரிய கூம்பு ஒன்று தனியாக நிற்கும். 1991க்குப் பிறகு வந்த குழம்பு அந்தக் கூம்பிலிருந்து இறங்கி, உடைப்பு வழியாகக் கடல் வரை நாக்கு நீட்டி உறைந்திருக்கும். ஒரு பக்கம் செடி கொடி, ஒரு பக்கம் புல்கூட முளைக்காத கறுப்பு. நான் பார்த்தபோது உச்சியில் மெல்லிய புகை மட்டும் இருந்தது. "இவ்ளோதானா?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டுவிட்டு செல்ஃபிக்குத் திரும்பிக்கொண்டார். அந்த ஆள் மாதிரி நீ ஏமாறக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நெருப்பு தெரிந்தால் அதிர்ஷ்டம், தெரியாவிட்டாலும் பயணம் வீணில்லை.

அந்தக் கப்பல் நீ நினைத்த நாளில் கிளம்பாது. பேரன் தீவுக்குத் தினசரி சர்வீஸ் எதுவும் இல்லை. அந்தமான் நிர்வாகம் கப்பல் ஏற்பாடு செய்திருக்கிறதா, என்ன தேதி என்பதை முதலில் விசாரி. ஸ்கூபா நிறுவனங்கள் சில அனுமதி வாங்கி அந்தப் பக்கம் போவதுண்டு, ஆனால் அது பழகிய டைவர்களுக்கானது, பர்ஸுக்கும் கனமானது. தேதி கிடைத்த பிறகு மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்கு. கடல் கலங்கினால் அந்தத் தேதியும் போகும்.

இதனால்தான் தலைப்பு மாதிரி தாளின் மேலே சிவப்பில் எழுதியிருக்கிறேன்: பத்து நாள் போடு, அதில் மூன்று நாளைக் காலியாக விடு. வேலை இல்லாத நாட்கள் இல்லை அவை. கடலுக்கும் காற்றுக்கும் அதிகாரிகளுக்கும் சேர வேண்டிய நாட்கள். அவர்கள் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், கேட்காவிட்டால் உனக்கு லாபம். ஆறு நாளில் ஆறு இடம் என்று நெருக்கிக் கட்டியவர்கள்தான், படகுக்காரர் போக முடியாது என்று சொல்லும்போது சண்டை போடுவார்கள். கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறவள் சரி என்று திரும்பி வருவாள். துணிச்சல் இருக்கிறவர்கள் தீவில் கெட்டுப்போவதில்லை, அவசரப்படுகிறவர்கள்தான்.

2016 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்ததைக் கேள். ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். காற்று, மழை, படகு எல்லாம் ரத்து. கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்தன. அவர்களை அடைத்து வைத்த அதே தாழ்வு மண்டலம்தான் வலுத்து மேற்கே நகர்ந்து, டிசம்பர் 12 அன்று வர்தா புயலாகச் சென்னைக்குள் புகுந்தது. நம்மைப் பிடிக்கிற புயல்களில் பலவற்றுக்கு அந்தப் பக்கம்தான் தாய்வீடு. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய தானேயும் தென்கிழக்கு வங்கக் கடலில் உருவானதுதான். பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரித் தோப்பும் வேரோடு சாய்ந்து கிடந்ததை உன் தாத்தா வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். டிசம்பர் லீவு கிடைக்கிறது என்பதற்காக வாடைக் காலத்தில் தீவுக்குப் போகாதே. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை கடல் தணிந்திருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். மே பாதியில் பருவமழை அங்கே நமக்கு முன்னால் இறங்கிவிடும். லீவை மார்ச்சுக்கு மாற்று.

போகும்போது கப்பலா விமானமா என்று கேட்டிருந்தாய். விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. சென்னைத் துறைமுகத்திலிருந்து போகும் பயணிகள் கப்பல் ஏறக்குறைய மூன்று நாள். பங்க் கிளாஸ் மலிவு, வாந்தி இலவசம். கப்பல் தேதியும் முன்பின் ஆகும். அதில் ஒரு முறையாவது போக வேண்டும்தான், ஆனால் ஆபீஸில் எண்ணி லீவு கொடுத்திருக்கும்போது வேண்டாம். இரண்டு பக்கமும் விமானம் போடு.

சேடில் பீக்குக்கு வருகிறேன். வடக்கு அந்தமானில், டிக்லிபூர் பக்கம், 732 மீட்டர். அந்தமான் தீவுகளில் அதுவே உயரம். ஆனால் போர்ட் பிளேரிலிருந்து அங்கே போகவே ஒரு முழுப் பகல் ஆகும். போக ஒரு நாள், ஏறி இறங்க ஒரு நாள், திரும்ப ஒரு நாள். பேரன் தீவும் ஹேவ்லாக்கும் இருக்கிற பத்து நாளில் இதையும் சேர்த்தால் காலி நாள் மூன்றும் காணாமல் போகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு. எரிமலைக் கப்பலுக்குத் தேதி கிடைத்தால் சேடில் பீக்கை விடு. கிடைக்காவிட்டால் மலையேறு. ஏறுவதானால் விடியும்போதே கிளம்பி, வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதி, வழிகாட்டியோடு போ. போய்த் திரும்ப 16 கிலோமீட்டர், அத்தனையும் புழுக்கமான மழைக்காடு. வயலும் வாய்க்காலுமாகத் தட்டையாகக் கிடக்கிற மாவட்டத்தில் பிறந்தவர்கள் நாம், நமக்கு மேடு என்றால் ரயில்வே மேம்பாலம். அதனால் கிளம்புவதற்கு முந்தைய மாதங்களில் செஞ்சிக்குப் போய் ராஜகிரிக் கோட்டையைச் சாப்பாட்டுப் பையோடு ஏறி இறங்கிப் பழகு. அதைப் போல மூன்று மடங்கு உயரம் என்று வைத்துக்கொள்.

கடைசி நாள் காலையில் ஸ்கூபா, மதியம் விமானம் என்று எழுதியதுதான் இந்தத் தாளிலேயே பெரிய பிழை. ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்சு வாங்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுவிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால், கேபினில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அது குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கும். ஒரே ஒரு டைவ் என்றாலும் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி என்பது டைவிங் அமைப்புகளின் குறைந்தபட்ச விதி. நீ முழுதாக ஒரு நாள் விடு. டைவிங்கை நடுவில் வை, கடைசி நாளைத் தரையில் கழி.

உன் தோழி ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறாளாம். அதற்கு மூன்று நான்கு நாள் வேண்டும், 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். நீ கடலூர் முதுநகரில் பிறந்தவள், துறைமுகத்துக்குக் கல்லெறி தூரத்தில் வீடு, ஆனாலும் உனக்கு நீந்தத் தெரியாது. நம் வீட்டுப் பெண்களில் யாருக்கும் தெரியாது. சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் இன்றைக்கே பெயர் கொடு. கையைப் பிடித்துக் கூட்டிப் போகும் அறிமுக டைவுக்கு நீச்சல் கட்டாயமில்லைதான். இருந்தாலும் தண்ணீரைப் பார்த்துப் பதறாத உடம்போடு போகிறவளுக்குத்தான் கீழே மீன் தெரியும். மருத்துவப் படிவத்தில் சின்ன வயதில் இருந்த வீசிங்கை மறைக்காமல் எழுது. டாக்டரிடம் காட்டிக் கடிதம் வாங்கிக்கொள்.

முதலை பற்றி ஒரு வார்த்தை. சிதம்பரத்துக்காரர்களுக்கு முதலை புதிதில்லை. கொள்ளிடக்கரைக் கிராமங்களில் குளத்திலோ வாய்க்காலிலோ ஒன்று வந்துவிட்டால் வனத்துறை பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிற செய்தி இங்கே அடிக்கடி வரும். ஆனால் அவை நன்னீர் முதலைகள். அந்தமானில் இருப்பது உவர்நீர் முதலை. உடம்பும் பெரிது, சுபாவமும் வேறு, கடலில் நீந்தித் தீவு விட்டுத் தீவு போகும். 2010 ஏப்ரலில் ஹேவ்லாக் கரையோரம் நீந்திக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை அப்படி ஒன்று கொன்றது. பிச்சாவரத்தில் படகிலிருந்து கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டே போன பழக்கத்தை அங்கே உள்ள கண்டல் கால்வாய்களில் காட்டாதே. முதலைப் பலகை வைத்த கரையில் மாலைக்குப் பிறகு கணுக்கால் தண்ணீரில்கூட நிற்காதே.

பாரடாங் உன் விருப்பம் என்றாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சேற்று எரிமலை என்பது உண்மையான எரிமலை இல்லை. மண்ணுக்கடியில் உள்ள வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். அதைப் பார்க்க ஜாரவா மக்களின் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிற சாலையில், வண்டி வரிசையில், காவலோடு போக வேண்டும். அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னும் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வழியில் நிற்கவோ, படம் எடுக்கவோ, பிஸ்கட் நீட்டவோ சட்டம் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் செய்யக் கூடாது. ஒருவர் வீட்டு முற்றம் வழியாக அவரைக் கேட்காமல் நுழைந்து போய்ச் சேறு பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டிக்லிபூர் போவதானாலும் இந்தச் சாலை வேண்டாம், போர்ட் பிளேரிலிருந்து கடல்வழியாகப் போகும் அரசுக் கப்பல் உண்டு, அதில் இடம் கேள். வடக்கு சென்டினல் தீவு பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. 2018 நவம்பரில் சட்டத்தை மீறி அங்கே போன ஓர் அமெரிக்க இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அங்கே வாழும் மக்களுக்கு நம் சளிக்காய்ச்சல் ஒன்றே போதும் அழிவதற்கு.

சங்கு, பவளம், கறுப்புக் கல் எதையும் பையில் போடாதே. பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, விமான நிலையத்தில் பையைக் கிளறுவார்கள். கடையில் சங்கு வாங்கினால் பில் வைத்துக்கொள்.

காப்பீடு எடுக்கும்போது ஸ்கூபாவும் மலையேற்றமும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார், பல பாலிசிகளில் அவற்றை ஒதுக்கிவைத்திருப்பார்கள். சின்னத் தீவுகளில் ஏடிஎம்மை நம்பாதே, ரொக்கம் வை. துணை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இரு. நீயும் தோழிகளுமாகப் போகிற நான்கு பேரும் கிளம்புவதற்கு முன்னாலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: நால்வரில் யாராவது ஒருத்தி "இன்றைக்கு வேண்டாம்" என்றால் நான்கு பேரும் திரும்ப வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, அப்புறமும் அதைச் சொல்லிக் காட்டக் கூடாது. இதற்குச் சம்மதிக்காத தோழியோடு சினிமாவுக்குப் போ, தீவுக்குப் போகாதே.

2012 ஏப்ரல் 11 உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். மத்தியானம் சுமத்ராவுக்கு அருகே 8.6 அளவில் நிலநடுக்கம். 2004இல் இல்லாத எச்சரிக்கை மையம் 2007இலிருந்து ஹைதராபாத்தில் வேலை செய்கிறது, அங்கிருந்து தகவல் வந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து சனம் பிள்ளை குட்டியோடு ஊருக்குள் ஏறி வந்தது. பெரிய அலை வரவில்லை. அந்தத் தடவை தட்டுகள் பக்கவாட்டில் உரசின, கடலடித் தரை மேலே எழும்பவில்லை. மறுநாள் டீக்கடையில் "வீணா அலைய வச்சிட்டாங்க" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. அரைநாள் பிழைப்பு கெட்டது, அவ்வளவுதான். ஒன்றும் நடக்காத நாளுக்கு அந்த விலையைக் கொடுக்கத் தெரிந்தவர்கள்தான், நடக்கிற நாளில் உயிரோடு இருப்பார்கள். உன் திட்டத்தில் நான் கேட்கிற மூன்று காலி நாட்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். அவை செலவாகாமலே போனால், ஹேவ்லாக்கில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டு வா.

திருத்திய திட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. மார்ச் மாதத் தேதிகள், பேரன் தீவுக் கப்பலுக்கு விசாரித்த விவரம், நீச்சல் வகுப்பில் பணம் கட்டிய ரசீது, நான்கு பேரின் வீட்டு எண்கள், இவை நான்கும் அதில் இருக்க வேண்டும். வந்ததும் உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன். அவர் மறுத்தால் என் வீட்டுக்கு அழைத்து அட்லஸில் அந்தக் கோட்டைக் காட்டுகிறேன். அப்படியும் சம்மதிக்கவில்லை என்றால் அவருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் போட்டுவிடு, சிப்பிகாட்டைப் பார்க்க வேண்டிய ஆள்தான் அவரும்.

அன்புடன்,
பெரியம்மா